ஒரே ஒரு சோழர் கோயிலுக்குத்தான் நேரம் என்றால்: தஞ்சையா, கங்கைகொண்ட சோழபுரமா, தாராசுரமா?

காவிரிப் படுகையின் சோழர் கோயில்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்து, கடைசியில் ஒரு நாளோ ஒன்றரை நாளோ மட்டும் ஒதுக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான திட்டத்தைத்தான் போடுகிறார்கள். காலையில் தஞ்சைப் பெரிய கோயில், நண்பகலுக்கு முன் தாராசுரம், மாலையில் கங்கைகொண்ட சோழபுரம் என்று மூன்றையும் ஒரே பகலுக்குள் அடக்கிவிடுகிறார்கள். தஞ்சையிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர் தொலைவு. அந்தச் சாலையில் கும்பகோணத்துக்குச் சற்று முன்னரே தாராசுரம் வந்துவிடும். கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கணக்குப்படி இது நடக்கக்கூடிய பயணம்தான். ஆனால் அப்படிப் போய் வந்தவர்களிடம் சில மாதங்கள் கழித்துக் கேட்டால், எந்தச் சிற்பம் எந்தக் கோயிலில் இருந்தது என்பதே குழம்பிப் போயிருக்கும். மூன்றும் சிவன் கோயில்கள், மூன்றும் கிழக்கு நோக்கியவை, மூன்றும் கருவறையின் மேல் எழும் கல் விமானங்களைக் கொண்டவை என்பதால், அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு அவை ஒரே கோயிலின் மூன்று அளவுகளாகவே தெரியும்.

எனவே நேரம் குறைவாக உள்ளவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முழுமையாகப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உயரத்தையோ புகழையோ கொண்டு முடிவு செய்வதைவிட, கையிலுள்ள நேரம் எந்தக் கோயிலைப் பார்த்து முடிக்கப் போதும் என்பதையும், நமக்கு எந்த வகைப் பார்வையில் ஈடுபாடு என்பதையும் கொண்டு முடிவு செய்வது பொருத்தமாக இருக்கும். அளவுகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தஞ்சை விமானம் 13 நிலைகள் கொண்டது, ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் 9 நிலைகளுடன் 53 மீட்டர். தாராசுரத்து விமானம் 5 நிலைகளுடன் 24 மீட்டர். தஞ்சைக் கோயில் 1987-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மற்ற இரண்டும் 2004-இல் அதனுடன் சேர்க்கப்பட்டன. இந்த எண்களால் தேர்வுக்கு அதிக உதவி கிடைப்பதில்லை.

தஞ்சையிலிருந்து தொடங்குவோம். முதலாம் ராஜராஜன், தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்காகச் செப்புக் குடம் ஒன்றைக் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. கணக்கிட்டால் அது கி.பி. 1010. கருங்கல்லே கிடைக்காத வண்டல் நிலத்தில், தொலைவிலிருந்து கல்லைக் கொண்டுவந்து எழுப்பிய கட்டடம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேரளாந்தகன் திருவாசலையும் ராஜராஜன் திருவாசலையும் கடந்து உள்ளே நுழைந்தால், வியப்பின் காரணம் உயரம் மட்டும் அன்று என்பது புரியும். திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது; அதாவது இரண்டு சதுரங்களை அடுத்தடுத்து வைத்தது போன்ற வெளி. வாயிற்கோபுரங்களைத் தாழ்வாக வைத்துக் கருவறையின் மேலுள்ள விமானத்தை ஓங்க விட்டதால், எந்த மூலையில் நின்றாலும் பார்வை அந்த ஒரு புள்ளிக்கே திரும்புகிறது. உச்சியின் நிழல் தரையில் விழாது என்று இன்றும் பலர் நம்பிச் சொல்கிறார்கள். அது உண்மை அன்று. காலையிலும் மாலையிலும் விமானத்தின் நிழல் திருச்சுற்றில் நீண்டு கிடப்பதை எவரும் காணலாம். இல்லாத அதிசயம் ஒன்றைத் தேடி மேலே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், கண்ணெதிரே அடித்தளத்தில் இருக்கும் உண்மையான அதிசயத்தைத் தவறவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

அந்த அதிசயம் கல்வெட்டுகள். தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் விமானத்தின் கல்லிலே வெட்டச் சொல்லி மன்னன் ஆணையிட்டான். அதன்படி அடித்தளத்தைச் சுற்றிலும் ஓர் அரசின் பேரேடு போல எழுத்துகள் ஓடுகின்றன. கோயில் பணிக்காக ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து ஆளுக்கொரு வீடு கொடுத்துக் குடியமர்த்தியது, தேவாரப் பதிகங்களான திருப்பதியம் பாட 48 பேரையும் அவர்களுக்கு உடுக்கையும் கொட்டு மத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்தது, கட்டடத்தை வகுத்த வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனின் பெயர் என எல்லாம் அங்கே இருக்கின்றன. கோயிலின் காசைச் சுற்றியுள்ள ஊர்ச் சபைகள் கடனாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், செலுத்தி வந்தன. அந்தக் கடனை ஊரார் யாரிடமிருந்து பெற்றதாகக் கல்வெட்டு சொல்கிறது என்பதுதான் சுவையான செய்தி. நாயன்மார்களுள் ஒருவரான சண்டேசுவரரிடமிருந்து பெற்றார்கள். சிவன் கோயிலின் சொத்துக்கெல்லாம் பொறுப்பாளர் என்ற முறையில், கொடுக்கல் வாங்கல் யாவும் அவர் பெயரிலேயே நடந்தன. பெரிய விமானத்தின் வடக்கே, அதே காலத்தில் கட்டப்பட்ட அவருடைய தனிக்கோயில் இன்றும் நிற்கிறது. இந்தச் சண்டேசரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மற்ற இரு கோயில்களிலும் அவரை மீண்டும் சந்திப்போம். என்னைப் பொறுத்தவரை, மூன்று கோயில்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அவரைவிட நல்ல அளவுகோல் இல்லை.

தஞ்சையைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, அக்கோயிலின் மிகச் சிறந்த இரண்டு செல்வங்கள் பொதுவாகப் பார்வையாளருக்கு எட்டுவதில்லை. கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்து 1931-இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களும், அதற்கு மேல் நிலையில் நாட்டிய நிலைகளான 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டு நின்றுபோன ஆடற்சிற்பங்களும் அவை. இவற்றைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுப் போகிறவர் ஏமாற்றம் அடைவார். இரண்டாவது, உள்ளே இருப்பதெல்லாம் ராஜராஜன் காலத்தவை அல்ல. அம்மன் கோயில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய நந்தியும், நுணுக்கமான வேலைப்பாடுள்ள முருகன் கோயிலும் நாயக்கர் காலத்தவை. போன்சுலே அரச மரபின் வரலாற்றைச் சொல்லும் நீண்ட மராத்திக் கல்வெட்டு 1803-ஆம் ஆண்டுக்கு உரியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்ணூறு ஆண்டுகளாக ஒவ்வோர் அரசும் தன் கையொப்பத்தை இட விரும்பிய இடம் இது என்பதையே இவை காட்டுகின்றன. ஆனால் இத்தனை அடுக்குகளையும் பிரித்துப் பார்க்க ஒரு முழு நாள் தேவைப்படும். காலையில் நான்கு மணி நேரம், வெயில் தாழ்ந்த பின் மீண்டும் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பத்தான் போகிறோம் என்றால், மூன்றில் மிகக் குறைவான பயனைத் தருவது தஞ்சையாகவே இருக்கும். பிரதோஷ நாளில் நந்தியைச் சுற்றிப் பெருங்கூட்டம் கூடும். வழிபட விரும்புவோருக்கு அது உகந்த நேரம், கல்வெட்டையும் சிற்பத்தையும் பார்க்க விரும்புவோருக்கு அவ்வாறு இராது.

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிப் பேசும்போது, அது தஞ்சையின் நகல் என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். மகன் ராஜேந்திரன் தந்தையின் கோயிலைவிட உயரம் குறைவாகக் கட்டியது தந்தைக்குக் காட்டிய மரியாதை என்ற விளக்கமும் கூடவே வரும். அழகான எண்ணம்தான், ஆனால் கல்வெட்டின் துணை இல்லாத ஊகம். இரண்டு விமானங்களின் வெளிவடிவத்தை நின்று பார்த்தாலே, அளவைச் சுருக்கிச் செய்த நகல் அன்று என்பது விளங்கிவிடும். தஞ்சை விமானம் நேர்கோடுகளால் ஆனது. இரண்டு தளங்கள் செங்குத்தாக எழுந்து, பிறகு தளர்வின்றிச் சரிந்து உச்சிக்குப் போகும். இங்கோ அந்தக் கோடு மெல்ல உள்நோக்கி வளைகிறது. மூலைகள் மென்மையாகி, சதுரம் போகப் போக வட்டத்தை நோக்கி நெகிழ்கிறது. தந்தையின் கோயிலைக் கற்றறிந்த ஒரு பெருந்தச்சன், அதன் இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்திருக்கிறான் என்றே எனக்குத் தோன்றும். இந்த வேறுபாடு தஞ்சையை முன்பே பார்த்தவருக்குத்தான் முழுமையாகப் புலப்படும். ஆகவே, சோழர் கோயில் எதையும் பார்த்திராதவர் இதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன்.

தஞ்சையை ஒருமுறை பார்த்துவிட்டவரோ, இங்கு அவசியம் வர வேண்டும். கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக எழுப்பப்பட்ட இந்த நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக விளங்கியது. சோழகங்கம் என்ற பேரேரியைக் கங்கை நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. இன்று அந்த இடம் அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களைத் தவிரத் தலைநகரில் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கோயில் மட்டுமே. கோயிலின் சுற்றுமதிலும் முன்கோபுரமும் சிதைந்து கிடப்பதற்குக் காரணம் பகைவர் மட்டும் அல்லர்; 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது இங்கிருந்து கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. கும்பகோணத்திலிருந்து, அந்தக் கீழணை உள்ள அணைக்கரை வழியாக வருபவர், கோயிலைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கற்களைக் கடந்து வருகிறார்.

இங்குள்ள கல்வெட்டுகள் தஞ்சையைப் போல நம்மை நிறுத்தி வைப்பவை அல்ல. நிறுத்தி வைப்பது சிற்பம். காரைக்கால் அம்மையார் காலடியில் அமர்ந்து தாளமிட ஆடும் கூத்தர், அர்த்தநாரி, இலிங்கோற்பவர், பிச்சாடனர் எனச் சுவர்மாடங்களான கோட்டங்களில் ஒவ்வொன்றாக நின்று பார்க்க வேண்டிய வரிசை அது. ஒரே கல்லில் தாமரையும் தேரும் கோள்களுமாக அமைந்த நவக்கிரகக் கல் தனியாக உள்ளே இருக்கிறது. ஆயினும் ஒரே ஒரு சிற்பத்துக்காக இவ்வளவு தூரம் வரலாம் என்றால், அது வடக்குப் படிக்கட்டை ஒட்டியுள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி. உமையுடன் அமர்ந்திருக்கும் சிவன், கீழே கைகூப்பிப் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக் கட்டுகிறார். தஞ்சைக் கல்வெட்டில் ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கிய அதே சண்டேசர், இங்கே தகப்பன் தலைவாரிவிடும் பிள்ளையைப் போலக் குனிந்து அமர்ந்திருக்கிறார். சிவபூசையைக் கெடுத்த சொந்தத் தந்தையின் காலை வெட்டியதால் தந்தையை இழந்த பிள்ளை அவர் என்பதை நினைத்தால், மாலை கட்டும் அந்த விரல்களின் பரிவு இன்னும் ஆழமாகப் படும். சண்டேசர் வடிவில் இருப்பவன் ராஜேந்திரனே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியும் இருக்கலாம், ஆனால் அரசனாக எண்ணாமல் பார்த்தால்தான் எனக்கு அந்தச் சிற்பம் முழுமையாகிறது. அதன் அருகிலேயே உள்ள ஞான சரசுவதியையும் விட்டுவிடக் கூடாது.

இந்தக் கோயிலுக்கு அரைநாள் போதும். புல்வெளி சூழ்ந்த வெளியில் நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும்; வெறுங்காலுடன் கல் தரையில் நடக்க இயலாது. பிற்பகல் நான்கு மணியளவில் வந்து, மேற்கு வெயில் விமானத்தின் வளைவில் விழுவதைப் பார்த்து, இருட்டும் வரை இருப்பது நல்லது. ஐப்பசிப் பௌர்ணமியன்று, சுமார் 4 மீட்டர் உயரமுள்ள இலிங்கத் திருமேனிக்கு நடக்கும் அன்னாபிடேகத்துக்காகப் பெருந்திரள் வரும். மற்ற நாட்களில் மூன்று கோயில்களிலும் மிக அமைதியானது இதுவே.

தாராசுரம் ஒப்பீட்டில் சிறியது என்பதால், பெரும்பாலோர் தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்கி முடித்துக்கொள்கிறார்கள். நான் இதை முற்றிலும் தவறான கணக்கு என்று நினைக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய இந்த ஐராவதேசுவரர் கோயிலின் காலத்தில், சோழர்கள் உயரத்தால் எதையும் நிறுவ வேண்டிய தேவையில் இல்லை. கட்டடத்தின் அளவு சுருங்கியது. கல்லின் மேல் கை செலவிட்ட நேரம் பெருகியது. ராஜகம்பீரன் திருமண்டபத்தின் முகப்பு, குதிரைகள் இழுக்கும் சக்கரத் தேராக அமைக்கப்பட்டிருக்கிறது. தூண்களின் ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கதை இருக்கிறது. ஒரு பக்கம் மறைத்தால் யானையாகவும் மறுபக்கம் மறைத்தால் காளையாகவும் தெரியும் ஒற்றைத் தலைச் சிற்பத்தை வழிகாட்டிகள் எல்லோருக்கும் காட்டுவார்கள். தட்டினால் ஒலி எழுப்பும் பலிபீடப் படிகளையும் சொல்வார்கள். அவை குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

உண்மையில் தாராசுரத்துக்குப் போக வேண்டிய காரணம், கருவறையின் அடித்தளத்தில் ஓடும் சாண் அளவுச் சிற்ப வரிசை. பெரியபுராணத்து அடியார்களின் வரலாறுகள், பெயர்க் குறிப்புகளுடன், ஒவ்வொன்றும் உள்ளங்கையை விரித்தால் மறையும் அளவில் செதுக்கப்பட்டுள்ளன. சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் கட்டிய கோயில் இது. அதாவது, புதிதாக எழுதப்பட்டுப் பேசப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் காப்பியம், ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறியிருக்கிறது. கண்ணப்பர் கண்ணைத் தோண்டுவதும், சுந்தரர் பாட முதலை வாயிலிருந்து பிள்ளை மீள்வதும் குத்துக்காலிட்டு அமர்ந்தால்தான் கண்ணுக்கு நேராக வரும். அந்த வரிசையில் சண்டேசரும் இருக்கிறார். இங்கே அவர் கோயில் சொத்தின் பொறுப்பாளரும் அல்லர், இறைவன் முடிசூட்டும் பெருமகனும் அல்லர். மண்ணியாற்றங்கரையில் பசுக்களை மேய்த்து, மணலில் இலிங்கம் பிடித்துப் பாலைச் சொரிந்த சேய்ஞலூர்ச் சிறுவன். அந்தச் சேய்ஞலூர் கும்பகோணத்துக்கு அருகில்தான் இருக்கிறது என்பதால், செதுக்கிய சிற்பிக்கும் அது பக்கத்து ஊர்க் கதையாகவே இருந்திருக்கும். தஞ்சையில் அவர் பெயரில் ஒரு பேரரசின் பொருளாட்சி நடந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர் ஓர் அரசனின் கனவாக நின்றார். தாராசுரத்தில் அவர் மீண்டும் மாட்டுக்காரப் பிள்ளையாகியிருக்கிறார்.

வடக்குத் திருச்சுற்று மதிலில் 108 சைவாசாரியர்களின் உருவங்கள் பெயர்களுடன் இருக்கின்றன. தஞ்சையில் 48 பேர் என்று எழுத்தில் பதிந்த பாடகர் மரபின் தொடர்ச்சியை இங்கே முகங்களாகப் பார்ப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். முன்வாயிலின் பெரிய கோபுரம் அடித்தளம் மட்டுமாக எஞ்சியுள்ளது. சுற்றுப்புறத்தைவிட முற்றம் தாழ்ந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும். அந்த மாதங்களில் அடித்தளச் சிற்பங்களை நெருங்கிப் பார்ப்பது கடினம். மார்கழி முதல் மாசி வரை வருவது நல்லது. அம்மன் கோயில் தனி மதிலுடன் அருகில் இருக்கிறது. அதற்கும் அரை மணி ஒதுக்கலாம். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியர் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்தான் என்று தன் பீடத்திலேயே எழுதப்பெற்ற சாளுக்கியத் துவாரபாலகர் சிலை முன்பு இங்குதான் இருந்தது. இப்போது அது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருப்பதால், அதைத் தேடி இங்கே அலைய வேண்டாம்.

இனி முடிவுக்கு வருகிறேன். கையில் அரைநாள் மட்டுமே இருப்பவர், சோழர் கோயில்களை முன்பு பார்த்தவரோ பார்க்காதவரோ, தாராசுரத்துக்கே போகலாம். மூன்றரை மணி நேரத்தில் ஒரு கோயிலை முழுமையாகப் பார்த்த நிறைவு அங்கே மட்டுமே கிடைக்கும். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் இது இன்னும் பொருந்தும். முழு நாள் உள்ளவர், முதன்முறை வருகிறார் என்றால், தஞ்சையை மட்டும் எடுத்துக்கொண்டு, நண்பகலில் கருவறை அடைத்திருக்கும் வேளையில் ஓய்வெடுத்து, மாலையில் மீண்டும் உள்ளே செல்ல வேண்டும். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடன் இருந்தால் அந்த நாளின் மதிப்பு பன்மடங்காகும். தஞ்சையை முன்பே பார்த்தவருக்கு ஒரு நாள் கிடைத்தால், காலையில் தாராசுரமும் பிற்பகலில் கங்கைகொண்ட சோழபுரமும் என்று கும்பகோணத்தில் தங்கி இரண்டையும் பார்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. இரண்டு நாட்கள் இருந்தால், கட்டப்பட்ட வரிசையிலேயே போகலாம்: முதல் நாள் தஞ்சை, மறுநாள் பொழுது விடியும்போதே கங்கைகொண்ட சோழபுரம், பிற்பகலில் தாராசுரம். கும்பகோணத்துக்குக் கிழக்கே மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம் கோயிலும் இதே மரபின் கடைசிப் பெரிய படைப்பு; உலக மரபுப் பட்டியலில் இல்லை என்பதால் விட்டுவிட வேண்டியதன்று, ஆனால் மூன்றாவது நாள் கிடைப்பவருக்கே அது.

எந்தக் கோயிலைத் தேர்ந்தெடுத்தாலும், புறப்படும் முன் பெரியபுராணத்தில் உள்ள சண்டேசர் புராணத்தை ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அறுபது பாடல்களை ஒட்டிய சிறு பகுதி அது. பேருந்தில் போகும்போதே வாசித்துவிடலாம்.